இசட்80 கிட் கட்டிவிட்டேன், மின்சாரம் ஏறுகிறது, திரையில் ஒரு எழுத்தும் இல்லை

செந்தூல் ஏர்கோன்:

வணக்கம் மக்களே. மூன்று வாரமாக இதோடு மல்லுக்கட்டி அலுத்துப் போய் இங்கே வந்து நிற்கிறேன்.

இருப்பது கோலாலம்பூர் செந்தூலில், ஏர்கோன் பழுதுபார்ப்பது தொழில், அதனால் மல்டிமீட்டரும் சால்டரிங் அயர்னும் எனக்குப் புதிதில்லை. கம்ப்யூட்டர் கட்டுவதுதான் புதிது. மகன் படிவம் இரண்டு படிக்கிறான், எங்கேயோ பைத்தான் கற்றுக்கொண்டு வந்து ஒருநாள், "அப்பா, நான் எழுதுறது உள்ளே போய் என்னவாகுது?" என்று கேட்டுவிட்டான். கம்ப்ரசர் என்றால் அறுத்துக் காட்டிவிடுவேன். லேப்டாப்பை அறுத்து என்ன காட்டுவது? அப்படித் தேடும்போதுதான் ஆர்சி2014 என்ற கிட் கண்ணில் பட்டது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், இசட்80 என்ற பழைய சிபியு சிப்பை வைத்து நாமே கட்டும் கம்ப்யூட்டர், இங்கிலாந்தில் ஸ்பென்சர் ஓவன் என்பவர் வடிவமைத்தது, நீளமாக ஒரு தாய்ப்பலகை, அதில் சிபியு, ரேம், ரோம், கிளாக் (சிபியுவுக்குத் துடிப்பு தருவது), சீரியல் (லேப்டாப்போடு எழுத்து பேசுவது) எல்லாம் தனித்தனிக் குட்டிப் பலகைகளாகச் செருகி நிற்கும். எது எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டலாம். அதுதான் பிடித்துப் போனது.

முழுக் கிட்டையும் தபால் செலவோடு வாங்கியிருந்தால் இந்தப் புலம்பல் இருந்திருக்காது. சிக்கனம் பார்த்து, வெறும் பலகைகளையும் புரோகிராம் ஏற்றிய ரோம் சிப்பையும் மட்டும் வரவழைத்தேன். ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், சாக்கெட், 74 வரிசைச் சின்ன லாஜிக் சிப்புகள் எல்லாம் புடு ஜாலான் பாசாரில் நாலு கடை ஏறி இறங்கிச் சேர்த்தேன். இசட்80 அங்கே கிடைக்கவில்லை, அதை இணையத்தில் ஒரு கடையில் வாங்கினேன். இசட்84சி0010, 10 மெகாஹெர்ட்ஸ், ஐந்து சிப், விலை ரொம்பச் சல்லிசு.

இப்போது நிலைமை: யுஎஸ்பி மீட்டர் 5.02 வோல்ட், 0.21 ஆம்ப் காட்டுகிறது. லேப்டாப்பில் எழுத்து காட்டும் டெர்மினல் மென்பொருளில் வேகம் 115200, 8 பிட், பேரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட். ரீசெட் பட்டனை அழுத்தினால் ஒன்றும் வருவதில்லை, குப்பை எழுத்துகூட இல்லை. கேபிளில் சந்தேகம் வந்து அதன் டிஎக்ஸ் (அனுப்பும் ஒயர்), ஆர்எக்ஸ் (வாங்கும் ஒயர்) இரண்டையும் சேர்த்துப் பிடித்துத் தட்டச்சு செய்தேன், அடித்தது அப்படியே திரும்பி வருகிறது, ஆகக் கேபிள் சரி. சிபியு சாக்கெட்டில் 20ஆம் காலுக்கும் 40ஆம் காலுக்கும் நடுவில் அளந்தால் 5 வோல்ட் வர வேண்டுமே, 1.8, 1.3 என்று என்னமோ ஆடுகிறது. பலகையில் எங்கேயோ தடம் அறுந்திருக்குமோ?

இன்னும் இரண்டு சில்லறைக் கேள்வி. ஒன்று, வாங்கிய 74எச்சிடி32 சிப்பின் மேல் "மலேசியா" என்று அச்சடித்திருக்கிறது. சிப் எல்லாம் அமெரிக்கா, தைவான் என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறோம், இது டூப்ளிகேட்டா? இரண்டு, அம்கோர்ப் மாலில் ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் விரிக்கும் இடத்தில் நடுவில் கண்ணாடி சன்னல் வைத்த ரோம் சிப் ஆறு கிடைத்தது. அதை அழித்துவிட்டு மறுபடி எழுதலாமாம். அழிக்கும் விளக்கு இல்லாமல் முடியுமா?

பிரிக்பீல்ட்ஸ் 8பிட்:

பலகைகளின் பின்பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள் அண்ணே. முக்கியமாகக் கிரவுண்ட் கால்கள். அங்கே செம்பு அகலமாக இருப்பதால் சூட்டை உறிஞ்சிவிடும், மேலே பார்த்தால் பளபளவென்று பிடித்த மாதிரி இருக்கும், உள்ளே பிடித்திருக்காது. எனக்கு அப்படி ஒரு காலால் இரண்டு மாதம் போனது. கிரவுண்ட் கால் ஒவ்வொன்றிலும் இன்னொரு தடவை அயர்னை வைத்து, ஈயம் ஓடி ஓட்டைக்குள் இறங்குகிற வரை பிடியுங்கள்.

கிளவுட் மனிதன்:

கேட்கிறேன் என்று கோபிக்காதீர்கள், இதற்கு எதற்கு இவ்வளவு பாடு? ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரை வாங்கி, இசட்80 மாதிரியே நடிக்கும் எமுலேட்டர் மென்பொருளைப் போட்டால் பத்து நிமிடத்தில் இசட்80 ஓடும். சிபி/எம் என்ற பழைய இயங்குதளம் ஓடும், பேசிக் மொழி ஓடும். ஈயப் புகையும் இல்லை. பையனுக்குச் சொல்லிக்கொடுக்க அது போதும் லா.

பாகான் பெருசு:

கிளவுட் தம்பி, மீன் பிடிக்கப் போகிறவனிடம் பசாரில் மீன் விற்கிறது என்று சொல்லக்கூடாது.

சரி, செந்தூல் தம்பி, விஷயத்துக்கு வருகிறேன். முதலில் 20க்கும் 40க்கும் நடுவில் அளப்பதை விடுங்கள். 74 வரிசைச் சிப்பில் மூலைக்கு மூலை கிரவுண்டும் 5 வோல்ட்டும் இருக்கும், அந்தக் கைப்பழக்கத்தில் இங்கேயும் எல்லாரும் மூலையில்தான் குத்துவார்கள், நானும் குத்தியிருக்கிறேன். இசட்80க்கு 5 வோல்ட் வருவது 11ஆம் கால், கிரவுண்ட் 29. நீங்கள் அளந்தது ஐஓ சிக்னல் காலுக்கும் 10ஆம் முகவரிக் காலுக்கும் நடுவில். அது ஆடத்தான் செய்யும். ஆடுகிறது என்றால் சிபியு அடியோடு பிணமில்லை என்றுகூட வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து 6ஆம் கால், கிளாக். மீட்டரை டிசியில் வைத்து அளந்தால் 2.5 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும், ஏனென்றால் பாதி நேரம் 5, பாதி நேரம் 0, மீட்டருக்குத் தெரிவது சராசரி. 0 என்றோ 5 என்றோ அசையாமல் நின்றால் கிளாக் பலகையில் துடிப்பு தரும் கிரிஸ்டல் துடிக்கவில்லை. 26ஆம் கால் ரீசெட், சும்மா இருக்கும்போது 5, பட்டனை அழுத்தினால் 0. அப்புறம் 16, 17, 24, 25 நான்கும் 5 பக்கம் நிற்க வேண்டும். அவற்றில் 24ஓ 25ஓ கீழே விழுந்து கிடந்தால் சிபியு "இரு, இரு" என்று காத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும்.

ஆனால் எனக்குச் சந்தேகம் அதில் எல்லாம் இல்லை. உங்கள் 0.21 ஆம்பில்தான். உங்கள் சிப் மேல் இருக்கும் இசட்84சி என்ற பெயர் சிமாஸ் என்ற புதிய, மின்சாரம் கம்மியாகத் தின்னும் ரகத்தைக் குறிக்கும். சிமாஸ் இசட்80 சில பத்து மில்லிஆம்புக்கு மேல் தின்னாது. பழைய என்மாஸ் இசட்80தான் சோற்றுப் பானை மாதிரி, நூறு மில்லிஆம்புக்கு அந்தப் பக்கமும் போகும். சிபியு பலகையைக் கழற்றிவிட்டு ஒரு தடவை, மாட்டி ஒரு தடவை மீட்டரைப் பாருங்கள். வித்தியாசம் நூறு பக்கம் வந்தால் உங்கள் சிப் மேல் எழுதியிருப்பது பொய்.

இதில் வேகமும் சேர்ந்து வருகிறது. பழைய வரிசையில் வெறும் இசட்80 என்றால் 2.5 மெகாஹெர்ட்ஸ், இசட்80ஏ என்றால் 4, பி என்றால் 6. ஆர்சி2014 ஓடுவதோ 7.3728இல். ஆக யாரோ ஒரு பழைய 4 மெகாஹெர்ட்ஸ் சிப்பைத் தேய்த்துக் கறுப்புச் சாயம் பூசி 10 என்று எழுதி விற்றிருந்தால், அது உங்கள் பலகையில் கொஞ்ச தூரம் ஓடி இடறி விழும். சைலாக் கம்பெனியின் பெடரிகோ ஃபேகின் கூட்டம் 1976இல் கொண்டுவந்த சிப், 48 வருடம் விற்றது. தனியாக வரும் 40 கால் சிப்பை நிறுத்தப் போகிறோம் என்று 2024 ஏப்ரலில் சைலாக் அறிவித்தது. அதற்கு முன்னாலும் சாயச் சிப் இருந்தது, இனி கேட்கவே வேண்டாம்.

சாயமா என்று பார்க்க வீட்டிலேயே வழி இருக்கிறது. நகப்பூச்சு அழிக்கிற அசிட்டோன், கொஞ்சம் பஞ்சு. அசல் சிப்பில் தேய்த்தால் பஞ்சு கறுக்காது. அப்புறம் சிப்பின் ஓரத்தில் வட்டமாக ஒரு குழி இருக்குமே, அச்சில் வார்த்த அடையாளம், அதன் அடிப்பாகம் வழவழவென்று இருக்க வேண்டும். மேல்பரப்பும் குழியும் ஒரே சொரசொரப்பாக இருந்தால் பூசியிருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு சோதனை, இதைப் பையனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். ரோம், ரேம், சீரியல் மூன்று பலகையையும் கழற்றிவிடுங்கள், சிபியுவும் கிளாக்கும் மட்டும் இருக்கட்டும். காலி ஸ்லாட்டில் 27 முதல் 34 வரை உள்ள எட்டுக் காலும் டேட்டா. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு 1கே ரெசிஸ்டர் வைத்து 17ஆம் காலுக்கு, அதாவது கிரவுண்டுக்கு இழுத்துவிடுங்கள். இப்போது சிபியு எந்த முகவரியில் எட்டிப் பார்த்தாலும் கிடைப்பது பூஜ்யம். இசட்80 மொழியில் பூஜ்யம் என்றால் "ஒன்றும் செய்யாதே, அடுத்ததுக்குப் போ". அது ஒன்றும் செய்யாமல் 0, 1, 2 என்று 65535 வரை எண்ணிக்கொண்டே போய் மறுபடி 0க்கு வரும். ஒவ்வொரு படிக்கும் நாலு கிளாக் துடிப்பு, 7.3728 மெகாஹெர்ட்ஸில் கணக்குப் போட்டால் ஒரு முழுச் சுற்று நொடிக்கு 28 தடவை. ஸ்லாட்டின் முதல் கால்தான் ஏ15, அதாவது முகவரிக் கால்களில் (ஏ0 முதல் ஏ15 வரை) கடைசியாக மாறுவது. அதில் ஒரு சிவப்பு எல்இடி மாட்டினால் 28 தடவை மினுக்கும், கண்ணுக்கு நடுங்குகிற மாதிரி தெரியும், பலகையை லேசாக ஆட்டினால் புள்ளி புள்ளியாகப் பிரியும்.

எல்இடியைக் கிரவுண்டுக்குக் கட்டாதீர்கள். 18ஆம் காலின் 5 வோல்ட்டிலிருந்து 2.2கே ரெசிஸ்டர், எல்இடி, அப்புறம் ஏ15. என்மாஸ் சிப் கீழே இழுப்பதில் பலசாலி, மேலே தள்ளுவதில் சோனி. ஏ0, ஏ1இல் மாட்டிப் பார்க்கலாமே என்று கை அரிக்கும், வேண்டாம். ஒவ்வொரு படியின் பின்பாதியிலும், ஒருவகை ரேமைப் புதுப்பிக்கச் சிபியு தானாகவே எண்ணும் ரெஃப்ரெஷ் எண்ணிக்கை கீழ் ஏழு முகவரிக் கால்களில் வந்து உட்காரும், பார்ப்பது எது என்றே புரியாது.

செந்தூல் ஏர்கோன்:

அண்ணே, கும்பிடு. ஒரு வரி விடாமல் செய்து பார்த்தேன்.

11க்கும் 29க்கும் நடுவில் 4.98. கிளாக் 2.4. ரீசெட் சொன்ன மாதிரியே விழுந்து எழுகிறது. மற்ற நாலு காலும் 5 பக்கம். சிபியு பலகையைக் கழற்றினால் மீட்டர் 0.10, மாட்டினால் 0.21. உங்கள் கணக்குப்படி அப்போதே தீர்ப்பு வந்துவிட்டது, இருந்தாலும் மனது கேட்கவில்லை.

மனைவியின் நகப்பூச்சுத் திரவத்தை எடுத்துப் பஞ்சில் நனைத்து ஒரு இழுப்பு இழுத்தேன். பஞ்சு கரி. எழுத்து போனது, அதன் அடியில் வேறு எழுத்து தெரியும் என்று ஆவலாகப் பார்த்தால் அதையும் காணோம், குறுக்காக ஒரே திசையில் கீறல் கீறலாக, மணல்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி. ஐந்து சிப்பும் அதே கதை. சிப்பைத் தொட்டால் வேறு சூடு, சூடாக்கி வைத்த தோசைக்கல் அளவுக்கு இல்லை, ஆனால் விரல் சொல்லிவிடுகிறது.

எல்இடி சோதனையில் ரீசெட் விட்டவுடன் கொஞ்ச நேரம் நடுங்குகிறது, அப்புறம் அரைகுறையாக எரிந்தபடி நின்றுவிடுகிறது. இன்னொரு சிப்பைப் போட்டால் நடுக்கமே இல்லை. மகன் கேட்கிறான், "ஒன்றும் செய்யாதே என்று சொன்னால்கூட இதனால் செய்ய முடியலையா?" என்று. நான் என்ன பதில் சொல்வது!

கிளவுட் நண்பருக்கு: எமுலேட்டரும் அவன் லேப்டாப்பில் போட்டுத்தான் வைத்திருக்கிறோம். அது முதல் நாளே ஓடிவிட்டது, அன்றைக்கே மூடியும் வைத்துவிட்டான். இந்த எல்இடி நின்றுபோனதிலிருந்து பயல் மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை.

விற்ற கடைக்கு எழுதினேன். "சோதித்துத்தான் அனுப்பினோம்" என்று ஒரு வரி பதில், கூடவே ரோஜாப்பூப் படம்.

ஜெலுத்தோங்காரி:

பெரிய கேள்விகளை பாகான் அண்ணன் பார்த்துக்கொள்வார், நான் சில்லறைக் கேள்விக்கு வருகிறேன்.

"மலேசியா" என்று போட்ட 74எச்சிடி32தான் தம்பி உங்கள் கூட்டத்திலேயே நம்பிக்கையான ஆள். டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் ஆலை உங்கள் கே.எல்.லில் உலு கிளாங் பக்கமே இருக்கிறது. பினாங்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே முதலில் ஆலை போட்டது 1972இல் எங்கள் பாயான் லெப்பாஸில். அந்தக் காலத்தில் வந்த எட்டுக் கம்பெனிகளை எட்டு சாமுராய் என்பார்கள். பழைய இன்டெல் சிப் கிடைத்தால் புரட்டிப் பாருங்கள், இடமில்லாததாலோ என்னவோ "மலாய்" என்று பாதியோடு நிறுத்தியிருப்பார்கள். சிலிக்கன் துண்டு அங்கிருந்து வரும், சட்டத்தில் ஒட்டுவது, கம்பி கட்டுவது, பிளாஸ்டிக்கில் மூடுவது, சோதிப்பது எல்லாம் இங்கே.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், எங்கள் அம்மா 1979இலிருந்து அந்தக் கம்பியைக் கட்டியவர். கம்பெனி பெயர் வேண்டாம், இன்டெல் இல்லை, பக்கத்து வளாகம். அப்போது வீடு செபராங் பிறைத் தோட்டத்தில். பாலம் 1985இல்தான் திறந்தார்கள், அதுவரை விடிவதற்கு முன்னால் பெர்ரி, இந்தப் பக்கம் இறங்கினால் பெக்டரி பஸ். மைக்ரோஸ்கோப்பில் குனிந்து, தலைமுடியை விட மெல்லிய தங்கக் கம்பி, ஒரு முனை சிலிக்கனில், மறுமுனை காலில். 40 கால் சிப் என்றால் சுற்றி வந்து அத்தனையும் கட்ட வேண்டும். ஊரில் "மினா காரான்" என்று, மின்னணு ஆலைக்குப் போகும் பெண்களைக் கேலி பேசினவர்கள்தான் அப்புறம் தங்கள் பெண்களுக்கும் வேலை கேட்டு வந்தார்கள் என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். கண்தான் நாற்பது வயதுக்குள் மங்கிவிட்டது.

நீங்கள் போட்ட சாயச் சிப் கதையை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "எழுத்தை மாத்திட்டா உள்ளே நாங்க கட்டினது மாறிடுமா?" என்றார். பிறகு சிப்பில் நாலு இலக்க எண் இருக்கிறதா என்று கேட்கச் சொன்னார். உங்கள் 74எச்சிடி32இல் இருந்தால் சொல்லுங்கள். 8432 என்று இருந்தால் 1984ஆம் வருடம், 32ஆவது வாரம். எல்லாக் கம்பெனியும் அப்படியே எழுதுவதில்லை, ஆனால் பழைய சிப்பில் பெரும்பாலும் அதுதான் வழக்கம்.

கண்ணாடி சன்னல் ரோமுக்கு வருகிறேன். அழிக்க வேண்டியது 254 நானோமீட்டர் அலைநீளத்துப் புற ஊதா. நகப்பூச்சு காய வைக்கிற விளக்கில் வைத்தால் அழியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது வேறு அலைநீளம், நான் ஒரு மணி நேரம் வைத்தேன், ஒரு பிட்கூட அசையவில்லை. வெயில்? பழைய தரவுத்தாளில் நேர் வெயிலில் ஒரு வாரம் என்று போட்டிருக்கும். பால்கனியில் வைத்தேன். நடுவில் மூன்று நாள் மழை, ஒரு நாள் மாமியார் துணி காயப்போட்டு மறைத்துவிட்டார், பதினொன்றாம் நாள் அழிந்தது! சும்மா சொல்லவில்லை, இன்னும் அந்தச் சிப் வேலை செய்கிறது. ஆனால் அந்தப் பொறுமை உங்களுக்கு இருக்காது. கோவிட் நேரத்தில் போன், முகக்கவசம் சுத்தம் செய்ய யுவிசி (புற ஊதா) பெட்டி வாங்கிப் பரணில் போட்டிருப்பீர்களே, அதில் உள்ளது நீல எல்இடியாக இல்லாமல் நிஜமான கிருமிநாசினிக் குழாயாக இருந்தால் இருபது நிமிடம் போதும். மூடி வைத்துத்தான் எரிய விட வேண்டும், கண்ணால் பார்க்கவே கூடாது. எழுதி முடித்ததும் சன்னல் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் உங்கள் வீட்டு டியூப் லைட்டே வருடக் கணக்கில் மெல்ல மெல்ல அழித்துவிடும்.

பாகான் பெருசு:

அம்மாவுக்கு என் வணக்கம். அவர் சொன்னதுதான் பதிலே.

தம்பி, அந்த ஐந்து சிப்பையும் எறிந்துவிடாதீர்கள். எழுத்துதான் பொய், உள்ளே இருப்பது பெரும்பாலும் அசல் இசட்80ஏ. அதை அதற்கேற்ற வேகத்தில் ஓட்டுவோம். ஜாலான் பாசாருக்கு இன்னொரு நடை போய் 3.6864 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஒன்று வாங்குங்கள், 7.3728இல் சரிபாதி, சில்லறைக் காசுதான். கிளாக் பலகையில் பழையதை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள், வேறு எதையும் தொட வேண்டாம்.

ஒன்று மட்டும் மறக்கக்கூடாது. இந்தப் பலகையில் சீரியல் வேகமும் அதே கிளாக்கை 64ஆல் வகுத்துத்தான் வருகிறது. 7372800ஐ 64ஆல் வகுத்தால் 115200, அதனால்தான் அந்த விநோத எண்ணில் கிரிஸ்டல். பாதியாக்கினால் 57600. டெர்மினலையும் 57600க்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரை ஓடவில்லை என்று நினைத்து மறுபடி மூன்று வாரம் போகும்.

அசல் 8 அல்லது 10 மெகாஹெர்ட்ஸ் சிப் வேண்டுமென்றால் கிட் விற்பவரிடமே தனியாகக் கேட்டு வாங்குங்கள். சாயப் புது முகத்தை விட, கால் கறுத்துப்போன பழைய சிப் மேல். கறுப்பு பெரும்பாலும் வெள்ளிப் பூச்சு காற்றுப்பட்டுக் கறுத்ததுதான், பேனா மை அழிக்கிற ரப்பரால் தேய்த்தால் வெளுக்கும். அடுத்து இன்னொன்று கட்டும் ஆசை வந்தால் 6502 என்ற இன்னொரு பழைய சிபியு பக்கம் போங்கள், அதன் 65சி02 ரகம் இன்னும் புதிதாகவே விற்பனைக்கு இருக்கிறது, பென் ஈட்டர் என்பவர் பிரெட்போர்டில் (சால்டர் இல்லாமல் செருகும் பலகை) ஒவ்வொரு ஒயராகச் செருகிக் காட்டுவார். பிரெட்போர்டை மட்டும் மலிவாக வாங்காதீர்கள்.

பிரிக்பீல்ட்ஸ் 8பிட்:

பின்பக்கப் படம் இன்னும் வரவில்லை அண்ணே. சிப் மேல் பழி போட்டாச்சு என்று சால்டரை மறந்துவிடாதீர்கள்.

செந்தூல் ஏர்கோன்:

வந்துவிட்டது!!

சனிக்கிழமை மகனையும் கூட்டிக்கொண்டு ஜாலான் பாசார் போனேன். இரண்டு கடையில் இல்லை என்றார்கள். மூன்றாவது கடைப் பெரியவர், "த்ரீ பாயின்ட் சிக்ஸ் எய்ட்டா?" என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு சுவரோடு இருந்த நூறு டப்பாவில் ஒன்றை, பார்க்காமலே, இழுத்தார். இரண்டு வாங்கினேன், ஒன்று வீணானால் இன்னொரு நடை வேண்டாமே என்று.

முதலில் எல்இடி சோதனை. பாதி வேகம் என்பதால் நொடிக்கு 14 தடவை, இப்போது மினுக்குவது நன்றாகவே தெரிகிறது, நிற்கவில்லை. மகன் போனில் நேரம் வைத்துப் பத்து நிமிடம் பார்த்தான், அசரவில்லை. அப்புறம் ரோம், ரேம், சீரியல் எல்லாம் மாட்டி, 57600 வைத்து, ரீசெட். ஒன்றும் வரவில்லை. எனக்கு அழுகை வராத குறை. பிரிக்பீல்ட்ஸ் தம்பி சொன்னது ஞாபகம் வந்து பின்பக்கத்தைத் திருப்பினேன். ரேம் சாக்கெட்டின் கிரவுண்ட் கால், மேலே குண்டாக அழகாக இருக்கிறது, அயர்னை வைத்து ஐந்து எண்ணியதும் சட்டென்று உள்ளே இறங்கியது. நீங்கள் சொன்னது சரி, படம் போட வெட்கமாக இருக்கிறது.

மறுபடி ரீசெட். ரோமில் உள்ள புரோகிராமைத் தயாரித்த கிராண்ட் சேர்ல் பெயர் போட்டு ஒரு வரி, அடியில் கோல்ட் ஸ்டார்ட்டா வார்ம் ஸ்டார்ட்டா, சியா டபிள்யூவா என்று கேள்வி. சி அடித்தேன். மெமரி டாப் என்றது, சும்மா என்டர் தட்டினேன். பேசிக் வந்து உட்கார்ந்தது, 1978 மைக்ரோசாப்ட் காப்புரிமை என்று ஒரு வரியோடு. "1978இலேயே மைக்ரோசாப்ட் இருந்துச்சா?" என்கிறான் பயல். அவனுக்கு அதுதான் ஆச்சரியம், எனக்கு இது ஓடுவதே ஆச்சரியம்.

சிபியு சூடு அப்படியேதான் இருக்கிறது, மீட்டரும் 0.21தான். ஓடட்டும். சாயம் போன மண்டையில் வெள்ளை மார்க்கரால் "4" என்று மகன் எழுதிவிட்டான்.

ஜெலுத்தோங் அக்கா, அந்த 74எச்சிடி32இல் நாலு இலக்கம் இல்லை, எழுத்தும் எண்ணும் கலந்து ஏதோ இருக்கிறது, படம் இணைத்திருக்கிறேன், அம்மாவிடம் காட்டுங்கள். பூதக்கண்ணாடி வைத்து மகன் "மலேசியா"வை மட்டும் நாலு தடவை படித்துவிட்டான்.

பாகான் அண்ணே, ஒரு புதுத் தொல்லை. கையால் தட்டச்சு செய்தால் சரியாகப் போகிறது. மகன் லேப்டாப்பில் எழுதி வைத்த நாற்பது வரி புரோகிராமை மொத்தமாக ஒட்டினால் நடுவில் எழுத்துகள் காணாமல் போகின்றன, 30ஆம் வரி பாதியில் 50ஆம் வரியோடு ஒட்டிக்கொள்கிறது. இதுவும் சிப் வேலையா?

பாகான் பெருசு:

இல்லை, நீங்கள் ஊட்டுகிற வேகம். அது ஒரு வாய் மெல்வதற்குள் அடுத்த வாய் திணிக்கிறீர்கள். டெர்மினலில் ஹார்ட்வேர் ஃப்ளோ கண்ட்ரோல், ஆர்டிஎஸ் சிடிஎஸ், போட்டுப் பாருங்கள், "கொஞ்சம் நில்" என்று தனி ஒயரில் சொல்லும் வழி அது. உங்கள் கேபிளில் அந்த ஒயர் வரவில்லை என்றால் ஒவ்வொரு எழுத்துக்கும் சில மில்லிநொடி, ஒவ்வொரு வரிக்கும் கால் நொடி தாமதம் வையுங்கள். நாற்பது வரி போக எவ்வளவு நேரம் ஆகும் என்று பையனையே கணக்குப் போடச் சொல்லுங்கள்.